நிமிடத்துக்கு ஒரு கேள்வி: ஆசிரியர் தகுதித் தேர்வும் மாற்றுத்திறனாளிகளும்

ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியராக, ஆசிரியர் பயிற்சிப் பட்டயமோ பி.எட். பட்டமோ மட்டும் போதாது. ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ், தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கை இதைக் கட்டாயமாக்கியது. தேர்வை எப்படி நடத்துவது என்ற நெறிமுறைகள் 2011 பிப்ரவரி 11 அன்று வந்தன. அதே ஆண்டு ஜூன் மாதம் சி.பி.எஸ்.இ. முதல் மத்தியத் தகுதித் தேர்வை நடத்தியது. மக்கள் வழக்கில் அதன் பெயர் ‘சி-டெட்’. தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் தன் முதல் ‘டெட்’ தேர்வை 2012 ஜூலை 12 அன்று நடத்தியது.

தேர்வின் வடிவம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தொடக்க வகுப்புகளுக்கு முதல் தாள், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு இரண்டாம் தாள். ஒவ்வொன்றிலும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 150 கேள்விகள், 150 மதிப்பெண்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. தேர்ச்சிக்கு 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண். முதல் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், முதல் மொழி, இரண்டாம் மொழி, கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகளுக்கும் தலா 30 கேள்விகள். இரண்டாம் தாளில் மூன்று பொதுப் பகுதிகளுக்கு 90 கேள்விகள் போக, எஞ்சிய 60 கேள்விகளுக்குக் கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல்.

குழந்தை வளர்ச்சிப் பகுதிக்கான சி-டெட் பாடத்திட்டத்தில் ஐந்து கேள்விகள், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளையும் சேர்த்து ஒரே வகுப்பில் கற்பிப்பது பற்றியவை. அந்த வகுப்பறையை நடத்த வரும் ஆசிரியரே பார்வையற்றவராகவோ கை இயங்காதவராகவோ இருந்தால் இந்தத் தேர்வை எப்படி எழுதுவார் என்பதற்கான விதிகள் பாடத்திட்டத்தில் இல்லை. அவை வேறு சட்டத்திலும் வேறு அமைச்சகத்தின் ஆணைகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலுமாகப் பரந்து கிடக்கின்றன.

சட்டம் தரும் அடிப்படை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த இது, அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் உள்ள குறைபாட்டை இச்சட்டம் ‘அளவுகோல் குறைபாடு’ என்று தனியாகப் பிரிக்கிறது. அரசுப் பணியில் நான்கு சதவீத இடஒதுக்கீடு இப்பிரிவினருக்கு உரியது. கல்வி பற்றிய 17ஆம் பிரிவு, தேர்வு முறையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற மாற்றங்களைச் செய்யும் பொறுப்பை அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் தருகிறது. மாற்றுத்திறனாளிகளையும் ஆசிரியர்களாகப் பயிற்றுவித்துப் பணியமர்த்த வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது.

இந்தக் கடமை தேர்வு அறையில் எப்படிச் செயலாக வேண்டும் என்பதை மத்தியச் சமூக நீதி அமைச்சகத்தின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை வகுத்தது. அதன் 2013 பிப்ரவரி 26 நெறிமுறைகளுக்குப் பதிலாக 2018 ஆகஸ்ட் 29 அன்று விரிவான நெறிமுறைகள் வந்தன. தகுதித் தேர்வு உள்ளிட்ட எழுத்துத் தேர்வுகளின் சலுகைகள் பெரும்பாலும் இந்த 2018 ஆணையின் வடிவத்திலேயே அமைந்தன.

சான்றிதழ்

எல்லாச் சலுகைகளுக்கும் முதல் படி சான்றிதழ். முன்பு மாநிலத்துக்கொரு வடிவில் கையெழுத்தும் முத்திரையுமாக இருந்த அடையாளச் சான்றின் இடத்தை, நாடு முழுவதும் செல்லும் ‘யூ.டி.ஐ.டி.’ அட்டை பிடித்துவிட்டது. 2021 ஜூன் மாதம் முதல் புதிய சான்றிதழ்களை இந்த இணையவழி முறையிலேயே வழங்க வேண்டும்.

புதுச்சேரியின் கொம்யூன் எனப்படும் கிராமப்புற உள்ளாட்சிப் பகுதிகளுக்கு இந்தப் பொது அட்டையால் தனிப் பயன் உண்டு. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. தமிழ்நாட்டு நிலம் இடையிடையே புகுந்து அதைப் பிரிக்கிறது. தவளக்குப்பத்துக்கு மேற்கே உள்ள அபிஷேகப்பாக்கத்தை அடுத்தே கடலூர் மாவட்டத்தின் சிங்கிரிகுடி. ஒரு தெருவில் புதுச்சேரி அரசின் சான்றிதழும் அடுத்த ஊரில் தமிழ்நாட்டு அரசின் சான்றிதழும் வைத்திருப்பவர்கள் ஒரே பேருந்தில் ஒரே தேர்வுக்குப் போகிறார்கள். அட்டை பொதுவாக இருப்பதால், குறைபாட்டின் வகையையும் அளவையும் எந்த மாநிலத் தேர்வு அமைப்பும் ஒரே வகையில் சரிபார்க்க முடிகிறது.

ஆனால் அட்டை இருந்தாலே சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிடுவதில்லை. 2018 நெறிமுறைகளின்படி பார்வையின்மை, இரு கைகளும் பாதிக்கப்பட்ட இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம் ஆகிய மூன்று பிரிவினரும் கேட்டாலே தர வேண்டும். மற்றக் குறைபாடு உள்ளவர்கள், தங்களால் எழுத முடியாது என்று அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவ அலுவலரோ அவருக்கு இணையானவரோ குறிப்பிட்ட படிவத்தில் தந்த சான்றையும் சேர்த்துக் காட்ட வேண்டும். விண்ணப்பத்தில் ‘ஸ்க்ரைப் தேவை’ என்ற கட்டத்தைக் குறிக்காமல் விட்டாலோ, இந்தப் படிவத்தைக் கொண்டுபோகாமல் விட்டாலோ சிக்கல் தேர்வு நாளன்று காலையில்தான் தெரியவரும்.

சொல்வதை எழுதுபவர்

கண்காணிப்பாளர்களும் தேர்வர்களும் ஒரே சொல்லால் ‘ஸ்க்ரைப்’ என்று அழைக்கும் இவருடைய வேலை உண்மையில் இரண்டு. கேள்வியைப் படித்துக் காட்டுவது ஒன்று. தேர்வர் சொல்லும் விடையை ஓ.எம்.ஆர். தாளில் வட்டமாக நிரப்புவது மற்றொன்று. விரிவான விடை எழுதும் தேர்வில் சிறு எழுத்துப் பிழை பெரிய கேடு செய்யாது. ஓ.எம்.ஆர். தாளிலோ 47ஆம் கேள்விக்கான வட்டம் 48ஆம் வரிசையில் விழுந்துவிட்டால், அதற்குப் பின் வரும் விடைகள் அத்தனையும் இடம் மாறிவிடும். பார்வையற்ற தேர்வரால் அதைச் சரிபார்க்கவும் முடியாது.

எழுதுபவரைத் தேர்வு அமைப்பே தரலாம். தேர்வரே அழைத்தும் வரலாம். தேர்வர் அழைத்து வருபவரின் கல்வித் தகுதி, தேர்வரின் தகுதியைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது 2018 ஆணை. எழுதுபவரே விடையைச் சொல்லிவிடக்கூடாது என்பது இதன் நோக்கம். ஆனால் தகுதி குறைந்தவரால் கணிதக் குறியீடுகளையும் ஆங்கிலப் பத்திகளையும் பிழையின்றிப் படிக்க முடிய வேண்டும். கிராமத்தில் இந்த இரண்டுக்கும் பொருந்துகிற ஒருவரை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒதுக்கித் தரக்கூடியவரைத் தேடுவது தேர்வுக்குப் படிப்பதற்கு இணையான வேலை. வெவ்வேறு தாள்களுக்கு, குறிப்பாக மொழிகளுக்கு, வேறு வேறு எழுதுபவரை வைத்துக்கொள்ளவும், தேர்வு அமைப்பு தரும் எழுதுபவரை இரண்டு நாள் முன்பே சந்தித்துப் பார்க்கவும் ஆணை இடம் தருகிறது. குரலும் உச்சரிப்பும் பழகிக்கொள்ள அந்தச் சந்திப்பு தேவை.

தேர்வரே எழுதுபவரை அழைத்து வரும் முறையில் ஆள்மாறாட்டம் நடக்கிறது என்ற புகாரும் தொடர்ந்து உள்ளது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட புதிய நெறிமுறைகள் இந்தப் பொறுப்பைத் தேர்வு அமைப்புகளின் பக்கம் நகர்த்துகின்றன: பயிற்சி பெற்ற எழுதுபவர்களின் குழுவை அமைப்புகளே உருவாக்க வேண்டும், திரைவாசிப்பு மென்பொருளோடு கணினியில் தாமே எழுத விரும்புவோரை ஊக்குவிக்க வேண்டும்.

நேரம்

கூடுதல் நேரத்தின் அளவு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாதது. சி-டெட் தேர்வின் இரண்டரை மணி நேரத்துக்கு இது 50 நிமிடம். தமிழ்நாட்டின் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். கணக்கிட்டால் சி-டெட் தேர்வில் ஒரு கேள்விக்கு 60 வினாடி என்பது 80 வினாடியாகிறது. அந்த 80 வினாடிக்குள் எழுதுபவர் கேள்வியையும் நான்கு விடைகளையும் வாசிக்க வேண்டும்; தேர்வர் அவற்றை நினைவில் நிறுத்தி யோசிக்க வேண்டும்; தேவையானால் மறுபடி வாசிக்கச் சொல்ல வேண்டும்; விடை தாளில் ஏற வேண்டும். மொழிப் பகுதியின் பத்திகளில் சிரமம் கூடுகிறது. கண்ணால் படிப்பவர் ஒவ்வொரு கேள்விக்கும் பத்தியின் வரியை ஒரு நொடியில் திரும்பிப் பார்த்துவிடுகிறார். காதால் கேட்பவருக்கு அந்த வரியை எழுதுபவர் தேடிப் படித்துச் சொல்ல வேண்டும்.

எழுதுபவரை வைத்துக்கொள்ளாமல் தாமே எழுதும் அளவுகோல் குறைபாடு உள்ளவர்களுக்கும் கூடுதல் நேரம் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. குறைந்த பார்வையோடு பெரிய எழுத்துத் தாளைப் படிப்பவரும், ஒரு கை நடுங்குபவரும் இந்தப் பிரிவில் வருகிறார்கள்.

கூடுதல் நேரம் தந்தால் தேர்வின் தரம் குறையும் என்ற ஐயத்துக்குத் தமிழ்நாட்டின் முதல் தகுதித் தேர்விலேயே பதில் இருக்கிறது. 2012 ஜூலையில் 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம் மட்டுமே தரப்பட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய அந்தத் தேர்வில் தேறியவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. நேரம் போதவில்லை என்ற குரல் மாநிலம் முழுவதும் எழுந்தது. அக்டோபர் 14 அன்று நடந்த துணைத் தேர்வில் நேரம் மூன்று மணியாக இரட்டிப்பானது. எல்லோருக்கும் நேரம் கூடியபோது அது தேர்வைச் சரிசெய்வதாகக் கொள்ளப்பட்டது. நல்ல ஆசிரியருக்கு வேண்டியது பாட அறிவும் குழந்தைகளைப் புரிந்துகொள்ளும் திறனும். வட்டத்தை நிரப்பும் வேகம் அல்ல. மாற்றுத்திறனாளிக்குத் தரும் 50 நிமிடமும் இதே கணக்கில்தான் வருகிறது.

கேள்வித்தாளும் மொழியும்

படம், வரைபடம், நிலப்படம் பார்த்து விடை சொல்லும் கேள்விகளுக்குப் பதிலாகப் பார்வையற்றவர்களுக்கு மாற்றுக் கேள்வி தர வேண்டும் என்பது பழைய விதி. பிரெய்ல், பெரிய எழுத்து, கணினி ஆகியவற்றில் எந்த வடிவம் வேண்டும் என்று தேர்வர் தேர்ந்தெடுக்கலாம் என்றும், பேசும் கணிப்பான், டெய்லர் சட்டகம், அபாகஸ், பிரெய்ல் பலகை ஆகியவற்றைக் கொண்டுவரலாம் என்றும் 2018 ஆணை கூறுகிறது. முதல் தாளின் 30 கணிதக் கேள்விகளை யாரும் தவிர்க்க முடியாது. வடிவியல் கேள்வியைச் சொற்களால் மட்டும் கேட்டுத் தீர்ப்பது கடினம். இரண்டாம் தாளில் கணிதத்துக்குப் பதிலாகச் சமூக அறிவியலைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு. தமிழ், ஆங்கிலம், வரலாறு படித்த பார்வையற்ற பட்டதாரிகளுக்கு இரண்டாம் தாள் எளிதாக அமைவது இதனால்தான்.

காது கேளாதவர்களின் தடை வேறு வகையானது. அவர்களுக்கு எழுதுபவர் தேவைப்படுவதில்லை. வளாகத்தில் சாய்தளம் இல்லாவிட்டாலும் இடைஞ்சல் இல்லை. ஆனால் 150 மதிப்பெண்ணில் 60 மதிப்பெண் இரு மொழிகளுக்கு உரியது. சைகை மொழியை முதல் மொழியாகக் கொண்டு வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழே இரண்டாம் மொழி; ஆங்கிலம் மூன்றாவது. பள்ளித் தேர்வுகளில் இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்குத் தர 17ஆம் பிரிவு வழி செய்கிறது. பள்ளியில் அந்த விலக்கைப் பெற்று மேலே வந்தவர், ஆசிரியர் தகுதித் தேர்வில் விலக்கில்லாத இரு மொழிப் பகுதிகளைச் சந்திக்கிறார்.

தேர்வுக்கு முன் படிக்கும் கட்டத்திலேயே இன்னொரு தடை. பார்வையற்றவர்கள் கைபேசியிலும் கணினியிலும் என்.வி.டி.ஏ., ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்களால் படிக்கிறார்கள். இவை ஒருங்குறித் தமிழை வாசிக்கும். தனியார் பயிற்சி மையக் குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் பெரும்பாலும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை அல்லது படமாக வருடப்பட்டவை. வாசிப்பான் அவற்றில் பொருளற்ற எழுத்துகளைச் சொல்லும் அல்லது ஒன்றும் சொல்லாது. தமிழ்நாட்டு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியைத் தரமாக அறிவித்த பிறகும் அச்சகங்களின் பழக்கம் மாறப் பல ஆண்டுகள் ஆயின.

தேர்வு மையம்

தேர்வர்களுக்குத் தரைத்தளத்தில் அறை தர வேண்டும், மையம் தடையின்றிச் சென்றுவரத் தக்கதாக இருக்க வேண்டும் என்று ஆணை சொல்கிறது. எழுதுபவர் சத்தமாக வாசிப்பதால் தனி அறையும் தேவை; இல்லாவிட்டால் பக்கத்து மேசைக்காரருக்கும் தொல்லை, தேர்வருக்கும் கூச்சம். சி-டெட் விண்ணப்பத்தில் தேர்வர்கள் தாங்கள் விரும்பும் நகரங்களை வரிசைப்படுத்துகிறார்கள். இடம் நிரம்பிவிட்டால் வேறு நகரம் ஒதுக்கப்படலாம். அபிஷேகப்பாக்கத்திலிருந்தோ பாகூரிலிருந்தோ புதுச்சேரி நகரத்துக்கு வருவதற்கே சக்கர நாற்காலியில் இருப்பவர் பேருந்தை நம்ப முடியாது. ஆட்டோவோ காரோ அமர்த்த வேண்டும். வெளியூர் மையம் என்றால் எழுதுபவருக்கும் சேர்த்து முந்தைய நாளே தங்குமிடம் பார்க்க வேண்டும். சி-டெட் கட்டணத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதி குறைவு: ஒரு தாளுக்கு 1,000 ரூபாய்க்குப் பதில் 500. பயணச் செலவோடு ஒப்பிட்டால் அந்தச் சலுகை சிறியது.

மதிப்பெண் தளர்வு

பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணில் சலுகை தருவதைப் பள்ளி நிர்வாகங்களும் அரசுகளும் பரிசீலிக்கலாம் என்பது 2011 நெறிமுறை. தமிழ்நாடு முதலில் இதைப் பயன்படுத்தவில்லை. 2014 பிப்ரவரி 6 அன்று வந்த அரசாணை 60 சதவீதத்தை 55 ஆகத் தளர்த்தியது. 82 மதிப்பெண் போதும் என்றானது. அதே ஆண்டு மே 21 அன்று மாற்றுத்திறனாளிகளுக்கென்றே இரண்டாம் தாளுக்குச் சிறப்புத் தகுதித் தேர்வு ஒன்றையும் அரசு நடத்தியது. தேர்வைத் தளர்த்தாமல், தேர்வர்களுக்கேற்பத் தனியாக நடத்திப் பார்த்த அரிய முயற்சி அது.

மதிப்பெண் தளர்வு வழக்குக்குள்ளானது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014 செப்டம்பரில் அதை ரத்து செய்தது. லாவண்யா எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் 2016 நவம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தளர்வு செல்லும் என்று தீர்ப்பளித்தது. தளர்வும் சலுகைகளும் வெவ்வேறு வகையானவை என்பது இங்கே கவனிக்க வேண்டியது. தளர்வு தேர்ச்சிக் கோட்டையே இறக்குகிறது. எழுதுபவரும் நேரமும் அந்தக் கோட்டைத் தொடுவதற்கு இடையில் நிற்கும் தடையை மட்டும் நீக்குகின்றன.

நீதிமன்றம் விரித்த எல்லை

நாற்பது சதவீதக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் நிலை நீண்ட காலம் தெளிவாக இல்லை. எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும் எழுத்துப் பிடிப்பு நோயுள்ள ஒருவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் எழுதுபவர் மறுக்கப்பட்ட வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: இடஒதுக்கீட்டுக்கு வேண்டிய நாற்பது சதவீதத்தைச் சொல்வதை எழுதுபவருக்கான நிபந்தனையாக்கக் கூடாது. விகாஷ் குமார் வழக்கு என்று அறியப்படும் இதன் விளைவாக 2022 ஆகஸ்ட் 10 அன்று அத்தகையோருக்கான தனி நெறிமுறைகள் வந்தன. 2025 பிப்ரவரி 3 அன்று குல்ஷன் குமார் வழக்கில், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, அளவுகோல் குறைபாடு உள்ளவர்களுக்குக் கிடைக்கும் தேர்வுச் சலுகைகளை எல்லா மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்கும் விரிவாக்கியது.

விதி இருந்தும் மையத்தில் மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பர் 23 அன்று தீர்ப்பான அவ்னி பிரகாஷ் வழக்கு காட்டியது. எழுத்துக் கற்றல் குறைபாடுள்ள மாணவிக்கு நீட் தேர்வு மையத்தில் கூடுதல் நேரம் தரப்படவில்லை. தவறு தேர்வு அமைப்பினுடையது என்று ஏற்ற நீதிமன்றம், மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை; பரிகாரத்தைத் தேர்வு முகமையே யோசிக்கட்டும் என்றது; மையப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரச் சொன்னது. இழந்த நேரத்தைத் தீர்ப்பால் திருப்பித் தர முடியாது என்பதால், விதியை அறைக் கண்காணிப்பாளர் அறிந்திருப்பதே எல்லாச் சலுகைகளுக்கும் உயிர்.

அமெரிக்காவில்

அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஆசிரியர் உரிமத்துக்கு ‘பிராக்சிஸ்’ தேர்வைக் கேட்கின்றன. 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உரிமத் தேர்வுகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. தேர்வரின் அறிவையும் திறனையும் தேர்வு அளக்க வேண்டும், குறைபாட்டை அளந்துவிடக் கூடாது என்பது அதையொட்டிய விதிகளின் சாரம். நீட்டித்த நேரம், பிரெய்ல் தாள், வாசிப்பவர் போன்றவற்றை அங்கே தேர்வுக்கு வெகு முன்பே கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும்; ஒப்புதல் கடிதம் மையத்துக்கும் போய்விடும். சலுகையோடு எழுதியவரின் மதிப்பெண் அட்டையில் அதைக் காட்டும் அடையாளம் இடும் வழக்கத்தையும், இரு கைகளும் இல்லாத ஒரு தேர்வர் தொடுத்த வழக்குக்குப் பின், தேர்வு நிறுவனம் 2001இல் கைவிட்டது.

தேறிய பிறகு

தகுதித் தேர்வில் தேறுவது வேலைக்கான உரிமை அல்ல என்று 2011 நெறிமுறை வெளிப்படையாகச் சொல்கிறது. தேர்ச்சிச் சான்று முதலில் ஏழு ஆண்டுகளுக்குச் செல்லுபடியானது. 2021இல் வாழ்நாள் முழுவதற்கும் என்று மாற்றப்பட்டது. எழுதுபவரைத் தேடி, மையத்துக்கு அலைந்து ஒரு முறை தேறியவர் மீண்டும் அந்தச் சுற்றில் இறங்க வேண்டாம் என்பதால் மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த மாற்றம் மற்றவர்களைவிடக் கூடுதல் பயன் தருகிறது. எந்தப் பணிக்கு எந்தக் குறைபாடு உள்ளவர் பொருத்தமானவர் என்ற மத்திய அரசின் பட்டியல் 2021 ஜனவரி 4 அன்று புதுப்பிக்கப்பட்டது.

ஏற்கெனவே பணியில் இருப்பவர்களையும் தகுதித் தேர்வு இப்போது எட்டியிருக்கிறது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல ஆண்டுகள் வகுப்பெடுத்த பார்வையற்ற ஆசிரியரும் கை இயங்காத ஆசிரியரும் இனி எழுதுபவரோடு தேர்வு அறைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

முறையிடும் வழி

சலுகை மறுக்கப்பட்டால் முதலில் மையக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் தந்து, அதன் நகலை வைத்துக்கொள்வது பிறகு எந்த முறையீட்டுக்கும் ஆதாரமாகும். அடுத்தது தேர்வு அமைப்பின் குறைதீர்ப்புப் பிரிவு. மத்திய அமைப்பு நடத்தும் தேர்வென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடமும், மாநில அமைப்பின் தேர்வென்றால் மாநில ஆணையரிடமும் முறையிடலாம். ஆணையரின் பரிந்துரை மீது எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அமைப்பு மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89ஆம் பிரிவு இடம் தருகிறது. இவற்றுக்கு மேல் உயர் நீதிமன்றம். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் அது ஒன்றே என்பதால், எல்லைக்கு எந்தப் பக்கத்துத் தேர்வரும் சென்னை உயர் நீதிமன்றத்தையே நாடலாம்.